நாக்கில்லாத் தவளை

மர டிப்போ முதலாளி பரசுராமனுக்குக் கோதண்டம் தரவேண்டியது நூற்றுப் பதினெட்டு ரூபாய். கம்பெனியில் பெட்டி அடிக்கும் வேலை போனபின், குன்றத்தூர்க் கிருத்திகைத் திருவிழாவில் விற்கலாமென்று சக்கரம் வைத்த ஒரு கட்டைத் தவளை பொம்மை செய்திருந்தான். கயிறு கட்டி இழுத்தால், சக்கரத்து முளைகள் ஒரு முனையில் மட்டும் ஆணியடித்த மர நாக்கைத் தட்டும், தவளை கத்தும். அந்தச் சத்தம் வருவதற்குள் எத்தனையோ நாக்குகளைச் செதுக்கி அடுப்பில் போட்டிருந்தான்.

பரசுராமன் இழுத்துப் பார்த்தார். "இன்னாடா, உன் பொண்டாட்டியாட்டம் கத்துது! மாடலை எனக்குக் குடுத்துடு, ஆள் வெச்சி நெறைய அடிச்சி விக்கிறேன்; உன் கடனைக் கழிச்சிக்கிறேன்."

மனமில்லைதான். கடனைக் கட்ட வழியில்லை; வீட்டில் அரிசியும் இல்லை. தலையாட்டினான்.

பரசுராமன் நாக்கைப் பிடுங்கி எறிந்தார். "இதைச் செதுக்க ஆளுங்களுக்கு வேற தனிக்கூலியா?"

"அது இல்லாட்டி தவளையே இல்லீங்க மொதலாளி."

"ஊமையும் விக்கும், போடா," என்று கணக்கை அடித்துவிட்டார்.