பெட்டூனியா பூத்த டாய்லெட் சீட்

வெர்னா லஷான்ஸின் படகு முகப்பில் மூன்று வருடமாக ஒரு ரோஸ் நிற டாய்லெட் சீட் தொங்கிக்கொண்டிருந்தது.

மல்லார்டு குடா படகுச் சங்கத்தின் வழக்கம் அது. ஜூன் மாதம் படகுகளெல்லாம் ஏரியில் இறங்கியதும் சங்கத் தலைவர் ஆரின் பெட்டிபோன், சுடுதண்ணீரில் நனைத்த துண்டோடு ஒவ்வொரு படகாக ஏறுவார். கழிவறைக் குழாய்களைத் துடைத்துத் துடைத்துத் துண்டை முகர்வார். குழாய் கெட்டிருந்தால் சூட்டுக்கு நாற்றம் துணியில் ஏறிவிடும். பிறகு கேபின் நடுவில் நின்று, கண்ணை மூடி, மூச்சை இழுப்பார். எந்தப் படகு அதிகம் நாறுகிறதோ, அந்த வருடம் சீட் அதற்கு.

முதல் வருடம் நியாயமாகவே கிடைத்தது. வெர்னாவின் கணவர் ஆர்மண்ட், கசிந்த இடத்திலெல்லாம் பசையை அப்பி, "இனி இடி விழுந்தாலும் ஒழுகாது" என்றிருந்தார். இடி விழவில்லை, ஒழுகியது. அதற்கப்புறம் பசையைச் சுரண்டி எடுத்து, எதை எதையோ மாற்றியும் நாற்றம் போகவில்லை. ஆர்மண்ட் சீட்டின் ஓட்டையில் ஒரு தொட்டியைப் பொருத்தி பெட்டூனியாப் பூச்செடி வைத்தார். அது வேறு ஊர் சிரிக்கிற மாதிரி செழித்துப் பூத்தது.

"இந்த வருஷமும் நமக்குத்தான்னா படகை வித்துடலாம் வெர்னா. உள்ளயே சமைச்சுத் தூங்குற கேம்பர் வேன் ஒண்ணு வாங்கிக்கலாம். ரோட்ல போனா யாரும் மோந்து பாக்க மாட்டாங்க" என்றார். கேம்பர் வேன் விளம்பரப் புத்தகம் ஒன்று அவருடைய தலையணைக்கடியிலேயே இருந்தது.

வாரம் முழுக்கப் பள்ளிப் பேருந்து ஓட்டிப் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்கும் வெர்னாவுக்கு, சனி ஞாயிறில் அந்தப் படகுதான் காதுக்கு ஓய்வு. அதை விற்பதா? சட்டைக் கையை மடித்துக்கொண்டு வேலையில் இறங்கினாள்.

பழைய குழாய்களை எல்லாம் பிடுங்கி எறிந்தாள். புதுக் குழாயின் நுனியைக் கொதிநீரில் முக்கி இளக வைத்து, பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவி, கழிவுத் தொட்டியின் முனையில் கடைசி வரை ஏற்றினாள். ஒவ்வொரு இணைப்புக்கும், குழாயை இறுக்கும் வளையமான கிளாம்ப் இரண்டு. ஒன்றின் திருகு இந்தப் பக்கம் பார்த்தால் அடுத்ததன் திருகு அந்தப் பக்கம். மறுநாள் ரப்பர் படிந்த பிறகு இன்னொரு முறை முடுக்கினாள். ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வைத்தாள். ஒரு வாரம் புழங்கியும் பேப்பர் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று இருந்தது. ஆரின் மாதிரியே சுடுதுண்டால் துடைத்து முகர்ந்தாள், துண்டிலும் நாற்றம் இல்லை.

ஆனால் மேற்குக் காற்று அடித்தால் மட்டும் கேபினில் அதே நாற்றம். கிழக்கிலிருந்து அடித்தால் இல்லை.

வெர்னா மேற்கே எட்டிப் பார்த்தாள். பக்கத்தில் கட்டியிருந்தது ஆரின் பெட்டிபோனின் படகு.

முகர்பவரின் படகை மட்டும் யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை. அப்படி ஒரு ஏற்பாடு என்றைக்கும் இருந்ததில்லை. வெர்னா நாசூக்காகக் கேட்டுப் பார்த்தபோது ஆரின் சிரித்தார்: தான் கழிவுத் தொட்டியில் ஊற்றுவது நாற்றத்தைக் கொல்லும் விலை உயர்ந்த நீல மருந்து, தன் கழிவறையில் பூ மணக்கும், கார்ப்பெட் கூடப் போட்டிருக்கிறது.

"கார்ப்பெட்டா? அப்ப ஊரே வந்து பாக்கணுமே" என்றாள் வெர்னா.

சோதனை நாளன்று காலை, படகுத்துறையில் பெரிய பெரிய பாத்திரங்களில் காபியும் எலுமிச்சைச் சாறும் வைத்தாள். எல்லாம் இலவசம். கோப்பை காலியாக விடவில்லை. கொஞ்ச நேரத்தில் ஆட்கள் நெளிய ஆரம்பித்தார்கள். கரையிலிருக்கும் கழிப்பறைக்கு மேடேறி, கார் நிறுத்துமிடம் தாண்டிப் போக வேண்டும். வெர்னா ஒவ்வொருவர் காதிலும் அன்பாகச் சொன்னாள்: எதற்கு வெயிலில் நடக்கிறீர்கள், தலைவர் படகில் கார்ப்பெட் போட்ட கழிவறை இருக்கிறதே.

ஆரினுக்குப் பெருமை தாங்கவில்லை. கதவைத் திறந்துவிட்டு, "காலைத் தொடச்சிட்டு உள்ள போங்க" என்று மாப்பிள்ளை வீட்டார் மாதிரி நின்றார். வரிசை நீண்டது. கழிவறையைக் கழுவிவிடும் கைப்பம்பின் கடகட சத்தம் ஓயவே இல்லை.

வெர்னா எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. வரிசையின் வாலைப் பார்த்த ஆர்மண்ட், "இங்கயும் ஒண்ணு இருக்கு, வாங்க வாங்க" என்று தங்கள் படகுக்குள் ஆட்களை அனுப்பத் தொடங்கிவிட்டார்.

வெர்னா அவர் முழங்கையைப் பிடித்தாள். "நீ எந்தக் கட்சி?"

"பாவம், கால மாத்தி மாத்தி நிக்கிறாங்க."

"இல்ல, கேம்பர் வேன் கண்ணு முன்னாடி ஓடுது உனக்கு."

ஆர்மண்ட் ஏரியைப் பார்த்தார்.

ஆரின் துண்டோடு வெர்னாவின் படகில் ஏறினார். பாதி சங்கம் புழங்கிவிட்டுப் போன கழிவறை. ஆரின் குழாய்களைத் துடைத்தார், முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார். டிஷ்யூ பேப்பர்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்தார். எல்லாம் மொறுமொறு.

பிறகு அவர் கேபின் நடுவில் நின்று கண்ணை மூடினார். மேற்குக் காற்று ஜன்னல் திரையை அசைத்தது.

"துண்டு சுத்தம்தான் வெர்னா, ஒத்துக்கறேன். ஆனா நாத்தம் இருக்கே. போன வருஷத்தவிடவும் ஜாஸ்தி. என் மூக்கு பொய் சொல்லாது."

"நானும் அதத்தான் சொல்றேன். மூக்கு சரி. கொஞ்சம் திரும்பி நில்லுங்க."

அவள் மேற்கு ஜன்னலின் திரையை விலக்கினாள். அதே நேரத்தில் பக்கத்துப் படகின் வயிற்றில் ஏதோ உறுமியது. படகின் அடியில் தண்ணீர் சேர்ந்தால் தானாக ஓடி வெளியேற்றும் பம்ப் அது. ஆரினின் வெள்ளைப் படகு, பக்கவாட்டுத் துளை வழியாக, மொத்தச் சங்கமும் கோப்பையும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருக்க, நீல நிறத்தில் பீய்ச்சி அடித்தது.

துறையில் யாரோ ஒருவர் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

ஆரின் பாய்ந்து போய் பம்பை நிறுத்தினார். வெர்னாவும் கூடவே போய், அவர் கழிவறைக் கார்ப்பெட்டைப் புரட்டி, பின்னாலிருந்த பலகையைக் கழற்றினாள். தொட்டிக்குப் போகும் இணைப்பில் டேப் மேல் டேப்பாகச் சுற்றி, துருப்பிடித்த ஒற்றைக் கிளாம்ப் பேருக்கு உட்கார்ந்திருந்தது; கசிந்ததெல்லாம் படகின் அடியில் தேங்கியிருந்தது. அவள் கைப்பம்பை ஒரே ஒரு தடவை அழுத்திக் காட்டினாள். நீலமாக ஒரு நூல் தெறித்து ஆரினின் வெள்ளைக் காலுறையில் விழுந்தது.

"இது... எப்பலேந்து?" என்றார் ஆரின்.

"ரெண்டு வருஷமாவது இருக்கும். என் பூச்செடிக்கு ஞாபகம் இருக்கும்."

அன்று மாலை வெர்னா தன் டப்பாவிலிருந்து இரண்டு கிளாம்புகளையும், அடுப்பிலிருந்து கொதிக்கும் கெட்டிலையும் எடுத்துப் போய் அவருடைய இணைப்பைச் சரிசெய்து கொடுத்தாள். கூடவே சீட்டையும் கொண்டுபோய், அவர் படகு முகப்பில் தன் கையாலேயே கட்டினாள். பெட்டூனியாவுக்குத் தினம் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஆனால் நீல மருந்து கலக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஆர்மண்ட் அன்றிரவு தலையணைக்கடியில் தடவிப் பார்த்தார். புத்தகத்தைக் காணோம்.

"அதுவா? ஆரினுக்குக் குடுத்துட்டேன்" என்றாள் வெர்னா, விளக்கை அணைத்தபடி. "இப்ப அவருக்குத்தான தேவைப்படும்."