சொன்னதைச் சொன்னபடியே

ஊர் ஆண்கள் அவளுக்கு வைத்த பெயர் கத்தரிக்கோல். குடும்பங்களை வெட்டிப் பிரிக்கிறவளாம். பெண்கள் அதோடு ஓர் அக்காவை ஒட்டவைத்துக் கத்தரியக்கா ஆக்கிவிட்டார்கள். யாராவது அதைச் சொல்லிச் சீண்டினால், "நல்ல துணியை எவளாவது கிழிப்பாளா? இத்துப்போனதுதான் என்கிட்ட வருது" என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

சலவைக்கடைக்கு மேலே இரண்டு அறைகள். முன்னறையில் மேஜை, தொலைபேசி, சில நாற்காலிகள். உள்ளறையில் ஒரு கட்டில், உள்பக்கம் தாழ்ப்பாள். பிழைக்க வந்த அந்த வெளிநாட்டு ஊரில், வீட்டில் அடியும் அவமானமும் பட்டு வரும் தமிழ்ப் பெண்கள் முதலில் தலைசாய்க்கும் இடம் அதுதான். அரசாங்க உதவித்தொகையில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு உதவித்தொகை தரும் அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது. எல்லாருக்கும் பொதுவான உதவி மையம் இருக்கிறது, தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் கிடைக்கிறார். தமிழருக்கென்று தனியாக எதற்கு? கட்டாயம் வேண்டுமென்றால் செலவில் பாதியை உங்கள் மக்களே ஏற்பார்களா?

முதல் கேள்விக்குப் பதில் எழுதி அவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது. இரண்டாவதற்குத் தமிழ்ச் சங்கத் தலைவர் கைகொடுத்தார். மரச்சாமான் கடைக்காரர், ஊரில் நல்லது கெட்டது எதுவானாலும் முன்னால் நிற்கிறவர். "பொம்பளைப் பிள்ளைங்க விஷயம். நம்ம சங்கம் செய்யாம யாரு செய்வா?" என்றவர், அதிகாரி பார்வையிட வரும் நாளில் தானே வந்து கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்.

அந்த நாளில், அவர்கள் வருவதற்குச் சற்று முன்னால், ஓர் இளம்பெண் படியேறி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டாள். கொடுத்ததைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"நேத்து போலீஸுக்குப் போனேன்க்கா. குடும்பச் சண்டைதானே, பேசித் தீர்த்துக்கங்கன்னு அனுப்பிட்டாங்க."

"நீ என்னன்னு சொன்னே?"

"ராத்திரியில அவர் தொல்லை பண்றாருன்னு சொன்னேன். போன்ல ஒருத்தர் அதை அவங்க மொழியில சொன்னார்."

தொல்லை என்ற அந்த ஒரு சொல்லுக்குள் நம் பெண்கள் எதையெல்லாம் மடித்து வைக்கிறார்கள் என்று கத்தரியக்காவுக்குத் தெரியும். போனில் இருந்தவர் கொசுத்தொல்லை, தலைவலித் தொல்லை மாதிரி அதைப் பெயர்த்துப் போட்டிருப்பார்.

"வேண்டாம்னு சொன்னா விடுவாரா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அந்தப் பெண் கீழே குனிந்துகொண்டாள். "வாயைப் பொத்திடுவார். கல்யாணம் ஆனதுலேருந்தே அப்படித்தான்." பிறகு சொன்னாள்: "நான் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள, ஸ்டேஷன்ல பேசினதெல்லாம் எனக்கு முன்னாடி வீடு போய்ச் சேர்ந்துடுச்சு. யார் சொன்னாங்கன்னு தெரியலை. நம்ம வீட்டு மானத்தை எங்க கூறுபோடப் போனேன்னு மாமா கேட்டார்."

"உங்க மாமா யாரும்மா?"

சொன்னாள். சங்கத் தலைவர்தான் அவளுடைய மாமனார்.

கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தலைவரும் அதிகாரியும் ஏதோ பேசிச் சிரித்தபடி ஏறி வந்தார்கள். இறங்கிப் போக வேறு வழி கிடையாது.

"உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கோ. நானே வந்து கூப்பிட்டாலும் திறக்காதே. உனக்காத் தோணினா மட்டும் திற."

அதிகாரி நரைத்த தலையுள்ள, நிதானமான பெண்மணி. 'வணக்கம்' என்ற ஒரே தமிழ்ச் சொல்லைக் கடித்துக் குதறிச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தலைவர் வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றினார். அங்கே கிடந்த செருப்பைப் பார்த்தார். குனிந்தவர் நிமிர நேரம் பிடித்தது.

ஆனாலும் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. அதிகாரியிடம் அந்த நாட்டு மொழியில் மையத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார். பிறகு அதே சிரிப்போடு தமிழுக்குத் திரும்பினார்.

"உள்ள யாரு?"

"கையெழுத்துப் போட வந்தீங்கய்யா. முதல்ல உட்காருங்க."

"சிரிச்சுக்கிட்டே பேசு தங்கச்சி, மேடம் பார்க்குறாங்க. வாசல்ல கிடக்குறது என் மருமக செருப்பு. அவளைக் கீழே என் வண்டிக்கு அனுப்பு. சங்கத்துப் பங்கு வந்துடும், உன் பொழப்பும் நடக்கும். இல்லைன்னா இந்த இடத்துக்கு இன்னையோட பூட்டுதான்."

கத்தரியக்கா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒருத்தியை அனுப்பினால், இனி வரப்போகிற அத்தனை பேருக்கும் இந்தக் கதவு திறந்திருக்கும். கணக்கு என்னவோ சரியாகத்தான் வந்தது. அது சரியாக வந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

"ஐயா என்ன சொல்கிறார்?" என்று அதிகாரி புன்னகையோடு கேட்டார்.

அவள் தலைவரின் முகத்தைப் பார்த்தபடியே மொழிபெயர்த்தாள். சொன்னதைச் சொன்னபடியே, கூட்டாமல் குறைக்காமல். செருப்பை, வண்டியை, பூட்டை. சிரித்துக்கொண்டே பேசு, மேடம் பார்க்கிறார் என்றதையும்கூட விடவில்லை.

அதிகாரியின் புன்னகை பாதியில் நின்றது. தலைவர் கைகளை விரித்து, இந்த அம்மாவுக்கு உங்கள் மொழி அரைகுறை, நான் சொன்னது ஒன்று, இவள் சொல்வது ஒன்று என்றார். குரலில் கோபமே இல்லை. கேட்டால் யாரும் நம்புவார்கள்.

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் யார் பக்கமும் இல்லை. எங்கள் மொழிபெயர்ப்பாளரையே கேட்டுவிடலாம்" என்று சொல்லி, கைபேசியில் அரசாங்கச் சேவையை அழைத்துத் தமிழ் கேட்டார். சத்தமாகக் கேட்கும்படி அதை மேஜையில் வைத்தார். அந்தச் சேவையில் தமிழுக்கென்று இருந்தது ஒரே ஆள்.

ஓர் ஆண்குரல் வந்தது. அதிகாரி விவரம் சொல்லி, தலைவரைப் பேசச் சொன்னார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வணக்கம். சங்கத் தலைவர் பேசுறேன்."

"தலைவரே, நீங்களா?" குரலில் பணிவு வழிந்தது. "மருமக கிடைச்சுட்டாளா? நேத்தே சொன்னேனே, இப்படியே விட்டா எங்கயாவது போய் நிப்பான்னு."

தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "வாயை மூடு" என்றார்.

"அவர் என்ன சொன்னார்?" என்று அதிகாரி கேட்டார்.

"நலம் விசாரித்தார், அவ்வளவுதான்" என்றது போன்.

கத்தரியக்கா வாயைத் திறப்பதற்குள் உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெரிந்த கொஞ்ச மொழியில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தாள். "நலம் இல்லை. மருமகள் கிடைத்தாளா என்று கேட்கிறார். நான் மருமகள். நேற்று, போலீஸ். இதே குரல்."

அதிகாரி அந்த ஆளின் பெயரையும் எண்ணையும் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகுதான் இணைப்பைத் துண்டித்தார்.

தலைவர் எழுந்தார். "வீட்டுக்கு வா. எதுன்னாலும் அங்க பேசிக்கலாம்."

கத்தரியக்கா குறுக்கே போய் நின்றாள். அவருடைய தோள் உயரம்கூட அவள் இல்லை.

"தள்ளு."

அவள் தள்ளவில்லை. அதிகாரியும் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். தலைவர் வாசலில் உட்கார்ந்து, எல்லாரையும் காக்கவைத்து, ஷூ கயிற்றை ஆற அமரக் கட்டினார்.

"சங்கம் சல்லிக்காசு போடாது. ஒரு வீட்ல உன்னை நல்லது கெட்டதுக்குக் கூப்பிட மாட்டாங்க."

"இப்ப மட்டும் வெத்தலை பாக்கு வெச்சா கூப்பிடுறாங்க?" என்றாள் கத்தரியக்கா. அவர் வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும்வரை அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

அதிகாரி தன் காரிலேயே அவர்களைக் காவல்நிலையத்துக்குக் கூட்டிப்போனார். இந்த முறை போன் இல்லை. கத்தரியக்கா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லப் பெயர்த்தாள். திரும்பும் வழியில் அதிகாரி தயங்கித் தயங்கிக் கேட்டார். கணவன் செய்யும் இந்தக் கொடுமைக்கு உங்கள் மொழியில் நேரான சொல்லே கிடையாதா?

"இருக்கிறது மேடம். முகம் சுளிக்காமல் கேட்க எதிரே ஓர் ஆள் இருந்தால் வரும்."

மக்கள் ஏற்க வேண்டும் என்று கேட்ட பாதிப் பங்கை அலுவலகம் தள்ளுபடி செய்தது. ஆனால் உதவித்தொகை ஓர் ஆண்டுக்கு மட்டும்தான், அதுவும் முன்பைவிடக் குறைவு. அடுத்த ஆண்டு மறுபடி மனுப்போட வேண்டும். கத்தரியக்கா தன் சம்பளத்தில் கைவைத்து வாடகையைக் கட்டினாள். போன் மொழிபெயர்ப்பாளரை நீக்கினார்கள். பஸ் ஓட்டும் கத்தரியக்காவின் கணவர் பெயரைச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். "கத்தரிக்கோலைக் கட்டிக்கிட்டவன் பேரு வெட்டுப்படாம இருக்குமா?" என்று சொல்லி அவர் சாப்பிட உட்கார்ந்தார். மனசு நொந்திருந்தது அவளுக்குத் தெரிந்தது.

வழக்கு நத்தையாக ஊர்ந்தது. அந்தப் பெண் வேறு ஊரில் ஓர் அறையில் இருந்தாள். பாஸ்போர்ட் மாமனார் வீட்டில் மாட்டிக்கொண்டதால் வேலைக்குச் சேர முடியவில்லை. கேட்டுப்போன போலீஸிடம், தொலைந்துவிட்டது என்று கையை விரித்திருந்தார்கள்.

ஒருநாள் காலை கத்தரியக்காவின் கைபேசிக்குப் போன் வந்தது. வயதான பெண்குரல், பக்கத்தில் குழாயைத் திறந்துவிட்டு ரகசியமாகப் பேசியது.

"என் மருமக நல்லாயிருக்காளா?"

"யாரைக் கேக்குறீங்கன்னு தெரியலையேம்மா." இங்கே வந்தவர்களைப் பற்றி யாரிடமும் சொல்வதில்லை, இது யார் வைத்த பொறியோ என்ற பயமும் இருந்தது.

"சொல்ல வேண்டாம். சொல்லவே வேண்டாம். அவளுக்குக் குளிர் தாங்காது. அவ ஸ்வெட்டரைத் துணியோட துணியா உங்க கீழ்க்கடையில சலவைக்குப் போட்டிருக்கேன். எடுத்துக்கங்க."

போன் வைக்கப்பட்டுவிட்டது. கத்தரியக்கா கீழே போய்ப் பையை வாங்கிப் பிரித்தாள். நீலநிற ஸ்வெட்டர். அதன் மடிப்புக்குள் பாஸ்போர்ட்.

அன்றைக்கே பஸ் ஏறிப் போய் அதைக் கொடுத்தாள். அந்தப் பெண் பாஸ்போர்ட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஸ்வெட்டரை மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கையை உள்பக்கமா மடிச்சிருக்கு பாருங்கக்கா. அத்தை இப்படித்தான் மடிப்பாங்க," என்றாள். பிறகு, "மாமாவுக்குத் தெரிஞ்சா அத்தை என்ன ஆவாங்க?" என்று கேட்டாள்.

ஊர் திரும்பும் பஸ்ஸில், கத்தரியக்கா மடியில் கைபேசியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்த அம்மாள் அழைத்த எண் அதில் இருந்தது. திருப்பி அழைத்தால் அந்தப் பக்கம் யார் எடுப்பார்கள் என்று தெரியாது. அந்த அம்மாளாக மறுபடி கூப்பிட்டால்தான் உண்டு.