ஒழுக்கே உயர்வு

மனித குல வரலாற்றில் இனி இரண்டே காலங்கள்தான் உண்டு என்பதைச் சகலருக்கும் பணிவன்புடன் அறிவித்துக்கொள்கிறேன்: கோட்டுக்கு முந்திய காலம், கோட்டுக்குப் பிந்திய காலம். இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தவர் என் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் தாளாளர். கிழித்தது சென்ற மாதம் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலைக் கூட்டம் முடிந்த கையோடு.

அன்று சாயங்காலம் மகள் கொண்டுவந்த சுற்றறிக்கையில் விவரம் இருந்தது. புதிய அரங்கத்தின் திறப்பு விழா முதல் மாணவ மாணவியர் அனைவரும் கருநீலக் கோட்டு அணிந்தே வரவேண்டும். கோட்டு என்பது துணி அன்று, பண்பு. அணியாதவர்கள் மேடையிலோ முன்வரிசையிலோ இடம் கோர இயலாது. விழா முடியும்வரை சைக்கிள் நிறுத்துமிடத்தில் அமைதி காப்பார்கள். கோட்டு பள்ளி அலுவலகத்தில் மட்டுமே கிடைக்கும். அதாவது வெளியே வாங்கிய பண்பு செல்லாது.

நிழலில் நின்றாலே பனியன் முதுகோடு ஒட்டிக்கொள்ளும் ஊர் எங்களுடையது. அந்தக் கோட்டோ கம்பளிக்கு ஒன்றுவிட்ட தம்பி. விலை என் சம்பளத்தில் பாதி. வேறு வருடமாக இருந்தால் சுற்றறிக்கையை நாலாக மடித்து ஆடும் மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்திருப்பேன். சைக்கிள் நிறுத்துமிடம் காற்றோட்டமான இடம். பிள்ளை அங்கேயே நன்றாக இருந்திருப்பாள்.

இந்த வருடம் முடியவில்லை. வரவேற்புரை வாசிக்க என் மகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புவரை எல்லா நாடகத்திலும் அவளுக்கு மரம் வேஷம்தான். ஒரு தடவை மரத்தையும் வெட்டிவிட்டார்கள். இப்போது நான்காம் வகுப்பில், நாலைந்து பேரை வாசிக்க வைத்துப் பார்த்து, குரல் இவளுடையதுதான் கணீரென்று இருக்கிறது என்று டீச்சர் சொல்லிவிட்டார். இரண்டு பக்கத்தை ஒன்பதே நாளில் நெட்டுருப் போட்டாள். குளியலறையில் வாளியை வரவேற்றாள். காய்காரர் மணியடித்தால் ஓடிப்போய் அவரை வரவேற்றாள். வேலை முடிந்து நான் செருப்பைக் கழற்றும்போது, சான்றோர் பெருமக்கள் வரிசையில் என்னையும் சேர்த்து, வருக வருக என்றாள். எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

சனிக்கிழமை காலை அவளைக் கூட்டிக்கொண்டு பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். வாங்குவதென்று முடிவு செய்து போகவில்லை. பார்ப்பதற்குக் காசு கேட்கமாட்டார்களே என்றுதான் போனேன். அலுவலகத்து அம்மா கதவுக்குப் பின்னால் ஆணியிலிருந்து ஒரு கோட்டை எடுத்து மேசைமேல் போட்டார். அளவு பார்ப்பதற்கான மாதிரி. அதற்குள் முந்நூறு பிள்ளைகளாவது புகுந்து புறப்பட்டிருப்பார்கள். கழுத்துப் பட்டையில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து கறுத்திருந்தது. அக்குளில் வியர்வை காய்ந்து காய்ந்து உப்பு தேசப்படம் வரைந்திருந்தது. வலது கை நுனி பளபளவென்று மின்னியது. ஜரிகையோ என்று தொட்டுப் பார்த்தேன், மூக்குச்சளி. பைக்குள் யாரோ பாதி தின்று பத்திரப்படுத்திய மிட்டாய், எறும்புகளோடு.

அந்த அம்மா வாசனைத் தெளிப்பானை எடுத்து அதன்மேல் இரண்டு தடவை அடித்தார். நாற்றம் போகவில்லை, நாற்றத்துக்குத் தலைவாரிப் பொட்டு வைத்தது போலாயிற்று. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கைகளை உள்ளே விட்டாள். சுவரோரக் கண்ணாடி முன் போய் நின்றாள். அவள் முகம் மலர மலர நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

அப்போதுதான் நெஞ்சுப் பக்கம் தைத்திருந்த சின்னத்தைப் படித்தேன்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். பத்தொன்பது வருடப் பழக்கம், கண்ணில் பட்டதைப் படிக்காமல் இருக்கத் தெரியாது. வட்டத்துக்குள் ஒரு விளக்கு, ஒரு திறந்த புத்தகம், கீழே வளைவாகத் தங்க நூலில் பள்ளியின் கொள்கை. 'ஒழுக்கமே உயர்வு' என்று இருக்க வேண்டியது. வளைவில் இடம் போதவில்லை போலிருக்கிறது. தையல் இயந்திரம் 'ம'வைத் தின்றுவிட்டு, அதன் கொம்பை மட்டும் பக்கத்து எழுத்துக்கு மாட்டிவிட்டிருந்தது. ஒழுக்கே உயர்வு. கூரையில் ஒழுகுமே அந்த ஒழுக்கு. அந்தக் கை நுனியைப் பார்த்தவர்கள் அதைப் பொய்யென்றும் சொல்ல முடியாது.

அலுவலகத்து அம்மாவிடம் சொன்னேன். அவர் தமிழாசிரியரைக் கூட்டிவந்தார். வந்தவர் சின்னத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். முதலில் முகத்திலிருந்த ரத்தம் வடிந்துபோயிற்று. பிறகு அது புலமையாகத் திரும்பி வந்தது. பழைய நூல்களில் ஒழுக்கு என்றாலும் ஒழுக்கம்தான் என்றார். அருவருப்பான விஷயம் என்னவென்றால், அது பொய் இல்லை. அகராதியின் ஒரு மூலையில் அந்தப் பொருளும் குந்தியிருக்கிறது. ஆனால் பேசும்போது அவர் கண் என்மேல் இல்லை. சுவரோரம் கூரைவரை அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள்மேல் இருந்தது. உள்ளே எண்ணூறு கோட்டுகள், எண்ணூறு ஒழுக்கு.

விஷயம் தாளாளர் அறைக்குப் போயிற்று, கூடவே நானும். மகளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கோட்டுப் போட்டு உட்காருவதற்கென்றே குளிர்சாதனம் வைத்த அறை. தாளாளர் என் தொழிலைக் கேட்டார், படிப்பைக் கேட்டார், 'பிழை' என்ற சொல்லே எதிர்மறையானது என்று வருத்தப்பட்டார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"பிழைன்னு சொல்லத் தெரிஞ்சவருக்கு, பிழையில்லைன்னு சொல்லவும் தெரியணுமே சார்."

அவர் கேட்டது அரைப் பக்கம். விழா மலரில் வரவேண்டும். வழக்கொழிந்த தூய சொல்லொன்றைத் தாளாளர் மூன்றாண்டுகள் ஆராய்ந்து மீட்டெடுத்திருக்கிறார் என்று ஒரு மொழி வல்லுநர் எழுத வேண்டும். வல்லுநர் நான். எழுதினால் பள்ளியின் அன்பளிப்பாக மகளுக்கு ஒரு கோட்டு. எழுதாவிட்டால் ஒன்றுமில்லை, வரவேற்புரைக்கு இன்னொரு குழந்தையும் தயாராக இருக்கிறது, குரல் சுமார்தான், ஆனால் அதன் அப்பா ரொம்ப ஒத்துழைப்பானவர். திங்கட்கிழமைக்குள் கொடுத்தால் போதும்.

பாதிச் சம்பளத்துக்குக் கோட்டு வாங்குவதா வேண்டாமா என்று பார்க்கப் போனவன் நான். ஒரே காலையில் அந்தக் கேள்வி கௌரவமான கேள்வியாகிவிட்டது.

என் மனைவி ரத்தம், சளி பரிசோதிக்கும் நிலையத்தில் வேலை பார்க்கிறாள். வீட்டுக்கு வந்து நான் பொங்கியதையெல்லாம் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். வேட்டை நாய்க்கு முயல் கிடைத்தது போல ஒரு பிழை கிடைத்துவிட்டதாம் எனக்கு, அதான் விடமாட்டேன் என்கிறேனாம். ஊரில் நாலு பேர்கூட அந்தச் சின்னத்தைப் படிக்கப்போவதில்லை, படித்தவனும் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போவான் என்றாள். எனக்குக் குமட்டுகிறது என்றேன். துணியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தினம் நாப்பது பேரோட சளிய டப்பால வாங்குறவ நான். எனக்கே குமட்டல. உங்களுக்கு ஒரு எழுத்துக்குக் குமட்டுதா?" என்றாள். "இங்க பாருங்க, கோட்டை விட்டா மேடையையும் கோட்டை விட வேண்டியதுதான். மரமா நின்னவளை மறுபடி மரமா நிறுத்திடாதீங்க."

பக்கத்து அறையில் மகள் யாரையோ வரவேற்றுக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தேன். மூன்று வரியில் பேனா மக்கர் பண்ணும், பண்ண வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பண்ணவில்லை. 'மொழியின் ஆழ்மண்ணில் புதைந்து கிடந்த மாணிக்கம்' என்று வந்தது. 'தாளாளர் பெருந்தகையின் தளராத தேடல்' என்று வந்தது. மற்றவர்கள் எழுதியபோது சிவப்பு மையால் அடித்துத் தள்ளிய எல்லாச் சொற்களும், எனக்காகவே காத்திருந்த மாதிரி வரிசையாக வந்து விழுந்தன. அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இரண்டு முறை சரிபார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை. கை கழுவினேன், மறுபடியும் கழுவினேன்.

திங்கட்கிழமை கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை கோட்டு வந்தது, புதுசு, பாலித்தீன் உறையில். மகள் அதைப் போட்டுக்கொண்டே வந்து என் முன்னால் நின்றாள்.

"அப்பா, கடைசி வரில நம்ம ஸ்கூல் கொள்கையச் சொல்லணும். பேப்பர்ல ஒழுக்கமேன்னு இருக்கு, கோட்ல ஒழுக்கேன்னு இருக்கு. எதைச் சொல்லட்டும்?"

"கோட்ல இருக்கிறதையே சொல்லு."

"அப்ப அதுதான் சரியா?"

"அதுதான் சரின்னு அப்பா எழுதிக் குடுத்திருக்கேன்."

அவள் தாளை எடுத்து, பென்சிலால் அந்தச் சொல்லைச் சுழித்து, பக்கத்தில் திருத்தி எழுதினாள். நான் ப்ரூஃபில் எப்படித் திருத்துவேனோ அதே மாதிரி, ஓரத்தில் சின்னக் கோடு போட்டு. அந்தக் கையெழுத்தை அதற்குமேல் பார்க்க முடியாமல் வாசலுக்குப் போய் நின்றேன்.

விழா நாளில் புதிய அரங்கத்தின் மின்விசிறிகள் இன்னும் உறை பிரிக்காமலே தொங்கின. எண்ணூறு கோட்டுகளுக்குள் எண்ணூறு பிள்ளைகள் வெந்துகொண்டிருந்தார்கள். நனைந்த போர்வையை மூன்று நாள் மூட்டைகட்டி வைத்து அவிழ்த்த வாடை. முன்வரிசையில் ஒருவன் மூக்கை இடது கையிலும் வலது கையிலும் மாறி மாறித் துடைத்துக்கொண்டிருந்தான். சிறப்பு விருந்தினர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. மரியாதைக்காகக் கண்ணில் மட்டும் சிரித்தார்.

மகள் மேடை ஓரத்தில் தாளோடு நின்றாள். அவளைக் கூப்பிடுவதற்குமுன் தாளாளர் எழுந்து, இரண்டே நிமிடம் முன்னுரை சொல்லிவிடுவதாக மைக்கைப் பிடித்தார். கட்டுப்பாடு பற்றிச் சொன்னார். காலந்தவறாமை பற்றி இருபது நிமிடம் சொன்னார். கோட்டு வந்த கதையைச் சொன்னார். விழா மலரை விரித்து என் அரைப் பக்கத்தை ஏற்ற இறக்கத்தோடு படித்துவிட்டு, இதை எழுதிய மொழி வல்லுநர் நம்மிடையே இருக்கிறார், எழுந்து நிற்க வேண்டும் என்றார். நின்றேன். கைதட்டினார்கள். என் மனைவி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மேடையில் மகளின் நெற்றியிலிருந்து வியர்வை தாளின்மேல் சொட்டியது. உதடு மட்டும் அசைந்தது, இன்னும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் ஆனபோது சிறப்பு விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்தார், கும்பிட்டார், இன்னொரு திறப்பு விழாவுக்குப் புறப்பட்டுப் போனார். தாளாளர் அவரை வழியனுப்ப ஓடினார். தமிழாசிரியர் மைக்குக்கு வந்து, நேரமின்மை காரணமாக வரவேற்புரை வாசிக்கப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது என்றார்.