மாமனாரின் வண்டியை இறக்கியது

மாமனார் பிரேக் போட்டார். அவர் உட்கார்ந்திருந்த பக்கம் பிரேக்கே கிடையாது. இருந்தும் அவருடைய ஷூ நுனி ரப்பர் விரிப்பில் அழுந்துவதை, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மாப்பிள்ளை ஓரக்கண்ணால் பார்த்தான். சிக்னலுக்கு இன்னும் நிறைய தூரம் இருந்தது.

“இடைவெளி போதாது மாப்பிள்ளை.”

“போதும் மாமா.”

“போதும்னு நீங்க நினைக்கிறீங்க.”

பின்சீட்டில் மனைவி மடியில் விடைத்தாள்களை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள். அவள் கணக்கு டீச்சர். அப்பாவும் கணவரும் பேசத் தொடங்கினால் தலையை நிமிர்த்துவதில்லை என்பதைப் பல மாதங்களாகக் கடைப்பிடித்து வந்தாள்.

மாமனார் லைசென்ஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் கார் ஓட்டுகிற பாதிப் பேர் ஒரு காலத்தில் அவர் பக்கத்தில் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தவர்கள்தான். காசு வாங்க மாட்டார், சிபாரிசு கேட்க மாட்டார், சிரிக்கவும் மாட்டார். கண்ணாடியைப் பார்க்க மறந்தவனை அடுத்த திருப்பத்திலேயே இறக்கிவிட்டு, தானே வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பி வருவார். அப்படிப்பட்டவருக்குக் கண்ணின் நடுப்பகுதி மங்கத் தொடங்கியது. இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் மகளும் மாப்பிள்ளையும் அவர் வீட்டுக்கே குடிவந்தார்கள். துணைக்கு வந்தோம் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தான். வீட்டோடு மாப்பிள்ளை என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். மாமனார் சாவியைக் கொடுத்தார், வண்டியைக் கொடுக்கவில்லை. சீட்டை நகர்த்தினால் ஏன் என்பார். ரேடியோவில் வேறு நிலையம் வைத்தால் திருப்பி வைப்பார். தினமும் காலையில் கூடவே கிளம்பி, நூலகத்து வாசலில் இறங்கும்வரை வாயாலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு வருவார். இறங்கியதும் கதவைச் சாத்திவிட்டு ஒரு கணம் நிற்பார். அந்த ஒரு கணத்தில் தனக்கு மார்க் போடுகிறார் என்று மாப்பிள்ளைக்குப் படும்.

மாப்பிள்ளைக்குப் பல் கட்டும் கூடத்தில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி மாதிரி எடுத்து, பொய்ப்பல்லை ஈறோடு ஈறாகப் பொருத்துவான். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் கழற்றிவிட்டு மறுபடி செய்வான். அந்தக் கண்ணோடுதான் ஒருநாள் மாலை, வேலை முடிந்து வெளியே வந்தவன், வெயிலில் நின்ற வண்டியைப் பார்த்தான். டயருக்கும் மேலே இருந்த தகட்டு வளைவுக்கும் நடுவே ஒரு கையையே விடலாம். இத்தனை நாள் எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்று தெரியவில்லை. ஈறை விட்டுத் தூக்கி நிற்கும் பல் மாதிரி இருந்தது. அதன்பிறகு அந்த வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு நாக்கு கூசியது.

பிளாஸ்டர் காயும் நேரமெல்லாம் அவன் போனில் அதையே படித்தான். வண்டியின் உயரத்தை இறக்கப் பல வழிகள் இருந்தன. இருக்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எறிவது மிகவும் மலிவு. ஆனால் பள்ளத்தில் விழுந்தால் ஸ்பிரிங் தன் இடத்தை விட்டு நழுவலாம் என்று எல்லோரும் திட்டியிருந்தார்கள். உயரத்தை நினைத்தபடி ஏற்றி இறக்கிக்கொள்ளும் திருகுமரை வைத்த செட் இருந்தது. அதன் விலை அவன் சம்பளத்தைப் பார்த்துச் சிரித்தது. அதையே செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் எண்ணெய் கசிகிறது என்று அழுதிருந்தார்கள். கடைசியில் நடுவழி ஒன்றைப் பிடித்தான். கொஞ்சமே குட்டையான ஸ்பிரிங், அதற்கென்றே செய்த ஷாக் அப்சார்பர். நான்கு விரல் இடைவெளி இரண்டாகும். தினமும் ஓட்டுகிற வண்டி, மேடு பள்ளம் உண்டு, மூன்று பேர் ஏறுவார்கள். இரண்டு விரல்தான் நியாயம். யோசித்து, அடித்துத் திருத்தி, நிதானமாக எடுத்த முடிவு அது. மனைவியிடம் “ஷாக் போயிடுச்சு, மாத்தணும்” என்று மட்டும் சொன்னான். அது பாதி உண்மை. மாமனாரிடம் அந்தப் பாதியைக்கூடச் சொல்லவில்லை.

ஒர்க்‌ஷாப்காரர் வண்டியைச் சுற்றி வந்தார். பின்பக்க பம்பரில் இருந்த பழைய நசுங்கலைக் கட்டைவிரலால் தடவினார்.

“இந்த வண்டியை எனக்குத் தெரியுமே. டெஸ்ட் கிரவுண்டுல மரத்தடியில நிக்கும். இது அந்த இன்ஸ்பெக்டர் வண்டி.”

“என் மாமனார்.”

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். “மூணு தடவை ஃபெயில் பண்ணாரு சார் என்னை. அப்பவே நான் லாரி இன்ஜினைக் கழட்டி மாட்டுவேன். மூணாவது தடவை எதுக்குன்னு கேளுங்க. இறங்கும்போது கதவை வேகமா சாத்திட்டேனாம். வெளிநாட்டு வேலை ஒண்ணு கைக்கு வந்திருந்துச்சு. லைசென்ஸ் இல்லாம அது போச்சு.”

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

“நீங்க சொல்ற செட்டைப் போட்டா வண்டி இறங்கினதே யாருக்கும் தெரியாது,” என்றார். “என்கிட்ட இதைவிட குட்டை ஸ்பிரிங் ஒண்ணு இருக்கு. ஒருத்தன் ஆர்டர் பண்ணிட்டு வரலை. விலையும் கம்மி. கூலி வேண்டாம். டயர் அப்படியே உள்ள போய் உட்காரும்.”

“தினமும் ஓட்டுற வண்டிங்க. மேடு வந்தா?”

“மெதுவா போங்க. அவருக்குத்தான் மெதுவா போனா ரொம்பப் பிடிக்குமே.”

மாப்பிள்ளை அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தபோது அன்று காலை நடந்தது நினைவுக்கு வந்தது. நூலகத்து வாசலில் நின்றிருந்த தன் பழைய நண்பர்களிடம் மாமனார், “நம்ம டிரைவர் இன்னைக்கு அவசரத்துல இருக்காரு” என்று சொல்லிவிட்டு இறங்கினார். அவர்கள் சிரித்தார்கள். இவனும் சிரித்து வைத்தான்.

“போடுங்க,” என்றான்.

மாலையில் வண்டி தரையோடு படிந்து நின்றது. எந்தப் பக்கம் பார்த்தாலும் இடைவெளியே இல்லை. அவனுக்கு நாக்குக் கூச்சம் அடங்கியது. வீடு வரும் வழியில் இரண்டு இடத்தில் வண்டியின் அடி தரையில் தட்டியது. கழற்றிய பழைய ஸ்பிரிங்கை வாங்கிவர மறந்ததும் அப்போதுதான் உறைத்தது. போன் செய்தான். பழைய இரும்புக்காரன் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டான் என்றார் ஒர்க்‌ஷாப்காரர், கொஞ்சமும் வருத்தமில்லாத குரலில்.

மறுநாள் காலை மாமனார் கதவைத் திறந்து வழக்கமான உயரத்துக்குத் தன் உடம்பை இறக்கினார். அங்கே சீட் இல்லை. இன்னும் கீழே போய்ப் பொத்தென்று விழுந்தார். கை டேஷ்போர்டைத் தேடிப் பிடித்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, மறுபடி கதவைத் திறந்து, கால்களை வெளியே போட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முதல் தடவை எழ முடியவில்லை. வெளியே வந்ததும் குனிந்து டயருக்கு மேல் விரலை நுழைக்கப் பார்த்தார். விரல் நுழையவில்லை.

மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மகளிடம் திரும்பி, “என் வண்டியை என்ன பண்ணி வச்சிருக்கார்னு கேளு,” என்றார். சொல்லிவிட்டு நூலகத்துக்கு நடந்தே போனார்.

“ஷாக்னுதானே சொன்னீங்க,” என்றாள் மனைவி.

“ஷாக்கும் மாத்தியிருக்கு.”

“அவருக்கு முட்டி வலின்னு உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். இந்த ஸ்பிரிங்குக்குத் தலையாட்டியபோதும் தெரிந்துதான் இருந்தது. அதை அவன் தனக்கே சொல்லிக்கொள்ளாமல் வைத்திருந்தான். “எல்லாத்தையும் அவரைக் கேட்டுத்தான் செய்யணுமா? வண்டி ஓட்டறது நான்,” என்றான். அவள் பையை எடுத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். முன்சீட் காலியாக இருந்தும் அவள் அங்கே உட்காரவில்லை.

இரண்டு வாரம் அந்த வீட்டில் கதவுகள்தான் பேசின. மாமனார் சாப்பிட்டு எழுந்த பிறகே மாப்பிள்ளை சாப்பிட உட்கார்ந்தான். இருவருக்கும் நடுவே மகள் தபால் கொண்டுபோனாள். போகப் போக அதையும் நிறுத்திவிட்டாள். பிறகு மாமனாருக்குக் கண்ணில் ஊசி போடும் நாள் வந்தது. அவர் டாக்ஸியில் போகிறேன் என்றார். மகள், “நம்ம வண்டியில போறோம். ரெண்டு பேரும் வர்றீங்க,” என்றாள். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குச் சொல்கிற குரல் அது. இரண்டு பேரும் வந்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்குவதுதான் பாடாக இருந்தது. மாமனார் காலை வெளியே வைத்து இரண்டு தடவை முயன்றார். மகள் சீட்டு போட வரிசைக்கு ஓடியிருந்தாள். மாப்பிள்ளை சுற்றி வந்து திறந்த கதவுப் பக்கம் நின்றான். கையை நீட்டினால் முடிந்தது. அவர் கேட்கட்டும் என்று நின்றான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கை குடுங்க மாப்பிள்ளை என்று வாயால் கேட்கட்டும். அவர் நிமிர்ந்து அவன் முகம் இருக்கும் திசையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தபடியே உடம்பைத் திருப்பி, இரண்டு உள்ளங்கையையும் தார்த்தரையில் ஊன்றி, முட்டி போட்டு, தவழ்ந்து வெளியே வந்தார். சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டிருந்த ஊழியர் ஓடிவந்து அவர் தோளைத் தூக்கினார். மாமனார் அவருக்கு நன்றி சொன்னார். உள்ளங்கையில் ஒட்டியிருந்த கல்லைப் பேன்ட்டில் தட்டிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். மாப்பிள்ளைக்கு நீட்டாத கை கனத்தது. அதைப் பேன்ட் பைக்குள் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

திரும்பும்போது மாமனாருக்கு ஒரு கண்ணில் கட்டு. அந்த ஊழியரே அவரை முன்சீட்டில் இறக்கி உட்காரவைத்தார். மகள் மருந்துப் பையோடு பின்னால் ஏறினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே போகும் வழியில், மெயின் ரோட்டுக்குச் சற்று முன்னால், புதிதாக ஒரு வேகத்தடை போட்டிருந்தார்கள். போட்டவனுக்குக் கார்கள் மேல் என்ன கோபமோ, திண்டு மாதிரி உயர்த்தியிருந்தான். உள்ளே வரும் வழி வேறு என்பதால் மாப்பிள்ளை அதைப் பார்த்திருக்கவில்லை. கண்டதும் வேகத்தைக் குறைத்தான். நேராக ஏறினால் அடி மாட்டும். ஓரமாக ஒடித்து, ஒவ்வொரு சக்கரமாக ஏற்ற வேண்டும். ஸ்டியரிங்கை ஒடிக்கக் கை போனது.

“சாய்ச்சு ஏத்துங்க,” என்றார் மாமனார். இரண்டு வாரத்துக்குப் பிறகு அவனிடம் அவர் நேராகப் பேசியது அதுதான். “இடது சக்கரம் முதல்ல.”

மாப்பிள்ளை ஸ்டியரிங்கை நேராக்கினான்.

முன்சக்கரம் ஏறி இறங்கியது. பிறகு வண்டிக்கு அடியில் பாத்திரம் தேய்ப்பதுபோல நீளமாக ஒரு சத்தம் வந்து, வண்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். முன்சக்கரம் சுற்றி ரப்பர் தீய்ந்த வாடைதான் வந்தது. ரிவர்ஸ் போட்டான். அதற்கும் அசையவில்லை. பின்னால் ஒரு ஆம்புலன்ஸும் அதற்குப் பின்னால் நாலைந்து கார்களும் வந்து நின்றன.

“மிதிக்காதீங்க. ஆஃப் பண்ணுங்க,” என்றார் மாமனார்.

“எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சிருந்தா இங்க நிப்போமா?”

வாசல் காவலாளி வந்து குனிந்து பார்த்தார். “அடியில மாட்டிக்கிச்சு சார். ஆள் இறங்கினா வண்டி தூக்கிக்கும். எல்லாரும் இறங்குங்க,” என்று சொல்லிவிட்டுப் பின்னால் நின்ற வண்டிகளை ஒதுக்கப் போனார்.

மகள் இறங்கினாள். பின்பக்கம் முனகிக்கொண்டு கொஞ்சம் எழும்பியது, போதவில்லை. அவள் அப்பா பக்கத்து முன்கதவைத் திறந்து, கூரையில் கை ஊன்றி, உள்ளே இருந்த இருவரையும் பார்த்தாள்.

“இறங்கி வந்து அப்பாவுக்குக் கை குடு,” என்றாள் கணவனிடம். கல்யாணமான நாளிலிருந்து அவனை நீ என்று அவள் கூப்பிட்டதில்லை.

“அவர் கேட்கட்டும்.”

“எனக்கு யார் கையும் வேண்டாம்,” என்றார் மாமனார். “நான் இறங்கறதா இல்லை. இது என் வண்டி.”

ஆம்புலன்ஸ் டிரைவர் ஹாரனை அழுத்தி எடுக்காமல் வைத்திருந்தார். மகள் அப்பாவின் கண்மருந்துப் பையை அவர் மடியில் வைத்தாள். கதவை மெதுவாகச் சாத்தினாள். தன் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் சுற்றி, மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தாள். மாப்பிள்ளை அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதவிக்கு ஆள் கூட்டி வரத்தான் போகிறாள் என்று முதலில் நினைத்தான்.

“எங்க போறா?” என்றார் மாமனார். கட்டில்லாத கண்ணை முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இடுக்கிப் பார்த்தார். “சொல்லுங்களேன். எங்க போறா?”

“ரோட்டைத் தாண்டறா.”

“தாண்டி?”

“பஸ் ஸ்டாப்புல நிக்கறா.”

“இந்தப் பக்கம் பார்க்கறாளா?”

“இல்ல.”

மாமனாரின் கை மடியிலிருந்த மருந்துப் பையை இறுக்கிப் பிடித்தது. மாப்பிள்ளை கதவுப் பிடியில் கை வைத்தான், திறக்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் வந்து நின்று அவளை மறைத்தது. ஆள்கள் இறங்குவதும் ஏறுவதும் பஸ்ஸின் அடியில் கால்களாக மட்டும் தெரிந்தன. எது அவள் கால் என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

“ஏறிட்டாளா?” என்றார் மாமனார்.