தவணைக்குப் போன பாதை

ஷுக்ரி முதலாளியின் வீட்டுப் பாதை, ஹாலிஎலையில் ரயிலேறிப் பதுளை மாவட்ட நீதிமன்றத்துக்குத் தவணை தவறாமல் போய்வந்தது. வழக்காளி வராத நாள் உண்டு, எதிராளி வராத நாள் உண்டு, பாதை வராத நாள் இல்லை. ஊவா மாகாணத்தின் சிவில் சட்ட வரலாற்றை எழுத முன்வருகிறவர் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். இதோடு முடித்துக்கொண்டாலும் பெரிய குறை வராது.

ஷுக்ரிக்கு ஹாலிஎல கடைத்தெருவில் ஹார்ட்வெயார் கடை. உலகத்தில் எவரிடமும் எதற்கும் உத்தரவு கேட்காமல் வாழ்ந்த ஒரே மனிதர் தாம்தான் என்ற செய்தியை, ஆணி வாங்க வருகிறவர்களுக்கு ஆணியோடு சேர்த்துக் கொடுத்துவந்தார். அதற்குச் சட்ட ஆதாரமும் வைத்திருந்தார். பிறத்தியார் காணியூடாகப் பத்து வருடம் ஒளிக்காமல், தடையில்லாமல், உத்தரவு கேட்காமல் நடந்தவனுக்கு அந்த வழியில் உரிமை வந்துவிடும். இடையில் நல்ல மனிதனாக ஒருநாள் ‘போகலாமா’ என்று கேட்டு நடந்துவிட்டாலோ வராது, அடுத்தவர் தயவில் நடந்ததாகவே கணக்கு. மரியாதைக்காரனுக்கு ஒன்றுமே கொடுக்காத இந்தச் சட்டம் ஷுக்ரிக்கு மிகவும் பிடித்துப்போனது. பக்கத்துப் புடவைக்கடை ஜஸீல், அயல்வீட்டு மரத்தில் கறிவேப்பிலை கிள்ளவும் கதவைத் தட்டிக் கேட்கிறவர். “ஜஸீல் நானாக்குத் தும்முறதுக்கும் லைசன் வேணும்” என்று ஷுக்ரி சொல்வார். கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஜஸீலும் சிரிப்பார், சிரிக்கலாமா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு.

ஷுக்ரியின் வீடு லீலாதேவி டீச்சரின் வளவுக்குப் பின்னால் இருந்தது. தெருவிலிருந்து அங்கே போகும் பாதை டீச்சரின் காணிக்குள்ளால் போனது, அதிலும் ஷுக்ரி கேட்டு நடந்ததில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கணக்குப் படிப்பிக்க வந்து, ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்பாதவர் டீச்சர். மாடுகள் வந்து அவருடைய லீக்ஸ் பாத்தியை மேய்ந்துகொண்டே இருந்ததால், “கேற் ஒண்டு போடப்போறன் முதலாளி. உங்களுக்கும் ஒரு திறப்புத் தாறன்” என்று சாவியை நீட்டினார். சாவியை வாங்கினால் கேற் டீச்சருடையது, கேற் டீச்சருடையது என்றால் பாதையும் டீச்சருடையது. ஷுக்ரி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மத்தியஸ்த சபையிலும் அப்படியே நின்றார், தேநீர் வந்தபோது மட்டும் அவிழ்த்தார். பிறகு வழக்குப் போட்டார்.

வழக்குப் பதிவான அன்று பாதை எழுந்து போய்விட்டது. கல்லும் பாசியும் இரண்டு நத்தைகளுமாக ஸ்டேஷன்வரை ஊர்ந்து, மூன்றாம் வகுப்பில் ஏறி, நீதிமன்ற விறாந்தையில் நீளப் படுத்தது. சட்டத்தரணிகள் அதை மிதிக்காமல் சுற்றிப் போனார்கள். மிதித்தால் எந்த உரிமையில் மிதித்தீர் என்று யாராவது கேட்கக்கூடும். சிவில் வழக்கில் யாரையும் மறியலில் அடைப்பதில்லை. எதிராளியைவிட ஒரு நூல் கூடுதலாக நம்பவைத்தால் போதும், ஆனால் வழக்குப் போட்டவர்தான் நம்பவைக்க வேண்டும். அந்த ஒரு நூலுக்காகத் தவணைக்கு மேல் தவணை விழுந்தது. இடைப்பட்ட நாட்களில் பாதை ஸ்டேஷன் மேடையின் ஓரத்தில் சுருண்டு கிடந்தது. தான் யாருடையது என்று முடிவாகும் முன் எந்த வீட்டுக்குப் போவது?

பாதை கிடந்த இடத்தில் நடக்கலாம். களைப்பு வரும், வீடு வராது. எத்தனை எட்டு வைத்தாலும் தெருவிலேயே நின்றார்கள். ஷுக்ரியும் மனைவி ஸவாஹிராவும் பின்பக்கத் தேயிலை மலையின் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி, தேயிலைச் செடிகளைப் பிடித்துக்கொண்டு, அட்டை கடிக்கப் போய்வந்தார்கள். தோட்டத்துக் கங்காணி கணபதி பார்த்துவிட்டார்.

“என்னங்க மொதலாளி, ரோட்டு இல்லையாங்க?”

“கோட்டுக்குப் போயிருக்கு.”

“எப்ப வருமாம்?”

“தவணை போட்டிருக்கு. கங்காணி, பத்து வருஷம் இப்பிடியே ஏறினா இந்தக் கானும் நமக்குத்தான்.”

“எடுத்துக்கங்க. அட்டையோட எடுத்துக்கங்க” என்றார் கணபதி.

இப்படி இருக்கையில்தான் மகள் ஷம்ரா தலைப்பிரசவத்துக்குப் பண்டாரவளையிலிருந்து வந்திறங்கினாள். முதல் பிள்ளைக்குத் தாய்வீடு வரவேண்டும், அது எந்தச் சட்டத்திலும் இல்லாத சட்டம். நிறைமாத வயிற்றோடு கானில் ஏற முடியாது. தெருவிலிருந்து நடந்தாள், நடந்தாள், தெருவிலேயே இருந்தாள். மழை பிடித்தது. டீச்சர் ஓடிவந்து அவளைத் தமது விறாந்தையில் இருத்தி, இஞ்சி போட்ட தேநீர் கொடுத்தார். தாய் அந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டினாள், மகள் இந்தப் பக்கத்திலிருந்து அழுதாள்.

“மகள்ட மொதப் புள்ள ரோட்டுலயா பொறக்கோணும்?” என்றாள் ஸவாஹிரா. “நீங்க கேக்கிறீங்களா, நான் கேக்கட்டா?”

ஷுக்ரி உள்ளே போய்ச் சட்டத்தரணி பார்த்தீபனுக்குப் போன் எடுத்தார்.

“ஒருக்காக் கேட்டா என்னாகும் தம்பி?”

“அவ தந்தா அது அவவின்ர தயவு. வழக்குப் போச்சு முதலாளி.”

“மெதுவாக் கேட்டா?”

“மெதுவாக் கேட்டாலும்தான்.”

ஷுக்ரி கானால் இறங்கி, ஊரைச் சுற்றி, முழங்கால்வரை சேறும் குதிக்காலில் ஓர் அட்டையுமாக டீச்சரின் வாசலில் வந்து நின்றார்.

“நான் எத்தினை தரம் ‘போகட்டும், போகட்டும்’ எண்டு சொல்லிப் பாத்திட்டன்,” என்றார் டீச்சர். “பாதை அசையுதில்லை. கேள்வி இல்லாம விடை எழுதினா நானும் மார்க்ஸ் போட மாட்டன்தானே.”

ஷுக்ரி தெருவை இருபக்கமும் பார்த்தார். குரல் மழையைவிடத் தாழ்ந்திருந்தது.

“டீச்சர்... இதால போகலாமா?”

“ஓம், போங்கோ.”

பாதை ஸ்டேஷனிலிருந்து நனைந்துகொண்டே வந்து படுத்தது. வடை சுற்றிய தாள் ஒன்று அதில் ஒட்டியிருந்தது, நத்தைகள் பெருகியிருந்தன. ஷம்ரா தாயிடம் நடந்து போனாள். சில நாட்களில் அம்புலன்ஸ் அதே வழியாக வந்து அவளைப் பதுளைக்குக் கொண்டுபோனது. பிறந்தது பெண். வழக்கு மீளப்பெறப்பட்டது. கேற்றும் போட்டார்கள், சாவி ஷுக்ரியின் இடுப்பில் இருந்தது.

ஆனால் பாதைக்குக் கேட்கப்படுவது பழகிப்போயிற்று. காலையில் யாரும் கேட்காவிட்டால் அது விரிவதில்லை. கடை திறக்கப் புறப்படும் ஷுக்ரி வேலியோரம் நின்று இருமுவார், டீச்சர் எட்டிப் பார்ப்பார், ஒரு கேள்வியும் ஒரு பதிலும் நடக்கும். ஆடி மாதம் டீச்சர் நல்லூர்த் திருவிழாவுக்குப் போயிருந்தபோது, ஷுக்ரி வெகுநேரம் தம் வீட்டு வாசலில் நின்றார். அயலில் எவரும் இல்லை என்று கண்டதும் குனிந்து, செருப்பைச் சரிசெய்வதுபோல, பாதையிடமே கேட்டார். அது சற்று யோசித்துவிட்டு விரிந்தது.