திரும்பி வராத மெயில்

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு கண் மருத்துவமனையின் பின்வாசல் வழியாக அவள் உள்ளே நுழைந்தபோது, மேனேஜர் மாடிப்படிக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தார். அவர் அறையை விட்டு அங்கே வந்து நின்றால் ஏதோ ஒன்று படுத்துவிட்டது என்று அர்த்தம். ஆள் தங்கமானவர். கம்ப்யூட்டர் விஷயத்தில் கையைப் பிசைவதைத் தவிர வேறொன்றும் தெரியாது, அதை மட்டும் மிக நன்றாகச் செய்வார்.

"மேடம், நேத்துலேருந்து ஒரு மெயில்கூட உள்ள வரல. வெப்சைட்டைத் தொறந்தா வெள்ளையா நிக்குது. அப்பாயின்ட்மென்ட் போட முடியாம எல்லாரும் நேரா கவுன்டருக்கே வந்துட்டாங்க."

"நேத்தே சொல்லியிருக்கலாமே சார்."

"ஞாயித்துக்கிழமையாச்சே, உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் மூன்று போர்வைகளைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, மத்தியானம் முழுக்கச் சும்மா படுத்திருந்தாள். இந்தத் தொந்தரவு வந்திருந்தால் சந்தோஷமாகவே கிளம்பி வந்திருப்பாள். அதை மேனேஜரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று, பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

அந்த மருத்துவமனையில் அவளை எல்லாரும் அட்மின் மேடம் என்பார்கள். பன்னிரண்டு வருஷமாக அங்கே மெயில் சர்வரையும் வெப் சர்வரையும் கட்டிக் காப்பது அவள் வேலை. இரண்டும் ஒரே லினக்ஸ் மெஷினில் ஓடுகின்றன. மெஷின் இருப்பது மாடிப்படிக்கு அடியில் உள்ள அறையில். ஏசி போட்டிருப்பது ஆளுக்காக இல்லை, அந்த மெஷினுக்காகத்தான் என்பதால் உள்ளே எப்போதும் ஸ்வெட்டர் குளிர். சுவரோரம் பழைய கண் பரிசோதனைப் பலகைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவற்றைக் கடைசி வரி வரைக்கும் அவள் படித்த காலம் ஒன்று உண்டு. இப்போது கண்ணாடி போட்டால்தான் நாலாவது வரியே பிடிபடுகிறது.

உட்கார்ந்து முதலில் டிஸ்க்கைப் பார்த்தாள். நூற்றுக்கு நூறு நிரம்பியிருந்தது. சரி, எது இவ்வளவையும் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொரு ஃபோல்டராகக் கூட்டிப் பார்த்தால், மொத்தமே பாதிதான் வந்தது. மீதிப் பாதியைக் காணோம். வீட்டில் அலமாரி நிரம்பி வழிகிறது, திறந்தால் இரண்டே புடவை இருக்கிறது என்றால் எப்படியிருக்கும்? அப்படி.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டாள். சனிக்கிழமை சாயங்காலம் வெப் சர்வரின் லாக், அதாவது யார் எப்போது வந்தார்கள் என்று அது எழுதிக்கொண்டே போகும் குறிப்பு, மலையாய் வளர்ந்து கிடந்ததைப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அந்த ஃபைலை அப்படியே அழித்துவிட்டுக் கிளம்பினாள். ஆனால் லினக்ஸில் ஒரு ஃபைலை ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும்போது அழித்தால் பெயர்தான் போகும், இடம் போகாது. அந்தப் புரோகிராம் பிடியை விடுகிற வரைக்கும் ஃபைல் உள்ளே உட்கார்ந்திருக்கும், வளர்ந்துகொண்டும் இருக்கும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரிந்த சங்கதி. அழித்த பிறகு இடம் காலியானதா என்று ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். பன்னிரண்டு வருஷத் திமிர், பார்க்கவில்லை.

எந்தப் புரோகிராம் எந்த ஃபைலைப் பிடித்திருக்கிறது என்று காட்டும் கமாண்டை அடித்தாள். அழிக்கப்பட்டது என்ற குறிப்போடு அந்த லாக் பட்டியலில் சாவகாசமாக இருந்தது. வெப் சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். டிஸ்க் பாதியாக இறங்கியது. வெப்சைட் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கவுன்டரில் யாரோ "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்றார்கள். மணி ஒன்பது.

இடமில்லாத நேரத்தில் வந்த மெயில்களை அவளுடைய சர்வர் தூக்கி எறிந்துவிடாது. "இப்போ இடமில்ல, கொஞ்ச நேரம் கழிச்சு வா" என்று சொல்லி அனுப்பும். அனுப்பிய சர்வர் அதை வைத்திருந்து, விட்டு விட்டு வந்து கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே எதுவும் தொலைந்திருக்காது. இருந்தாலும் யார் யார் காத்திருக்கிறார்கள் என்று மேனேஜருக்கு ஒரு பட்டியல் கொடுத்தால் அவர் கையைப் பிசைவதை நிறுத்துவார். மெயில் லாக்கை மட்டும் பக்கத்து மெஷினில் எழுதும்படி அவள் எப்போதோ ஏற்பாடு செய்திருந்ததால், நேற்று நடந்தது எல்லாம் அதில் இருந்தது. அதைத் திறந்து மேலிருந்து கீழே ஓட்டினாள். மருந்துக் கம்பெனி, லென்ஸ் செய்கிறவர்கள், கண்ணில் ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர், இன்ஷூரன்ஸ்.

அப்புறம் 'சுண்டு' என்று ஆரம்பிக்கும் ஒரு முகவரி. அதன் பின்னால் ஏதோ ஒரு மண் பரிசோதனைக் கூடத்தின் பெயர். அனுப்பியது இவளுக்கு.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டாள். ஆபீஸ் முகவரிக்கு யாராவது வீட்டுச் செல்லப் பெயரை வைப்பார்களா? தங்கை வைப்பாள். பிறந்தபோது உள்ளங்கை அளவு இருந்தாள் என்று அப்பா வைத்த பெயர். வளர்ந்து அக்காவைவிட அரையடி உயரமான பிறகும் அவள் சுண்டுதான்.

இரண்டு பேரும் பேசி மூன்று வருஷமாகிறது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த அன்றைக்கு இவள் பழைய சர்வரிலிருந்து புது சர்வருக்கு எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருந்தாள். போன் பைக்குள் சத்தமில்லாமல் கிடந்தது. தங்கை பதினோரு தடவை கூப்பிட்டிருந்தாள். இவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் தங்கை, "நீ போய் உன் மெஷினைப் பாரு, அதுக்குத்தான் நீ வேணும்" என்றாள். இவளும் சும்மா இருக்கவில்லை. "இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்து, அந்தக் கையோடு போன் நம்பரை மாற்றினாள். தங்கையும் வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

வீட்டுக்காரர் மாதத்துக்கு ஒரு தடவையாவது, "விசாரிச்சு நீயே ஒரு போன் போட்டா என்ன கொறஞ்சு போயிடுவ?" என்று கேட்பார். இவளிடம் எப்போதும் ஒரே பதில்தான். "என் மெயில் அட்ரஸ் பன்னெண்டு வருஷமா மாறல. வேணும்னா அவ எழுதட்டும்." அப்படிச் சொல்லிவிட்டு ராத்திரி பாத்திரம் கழுவும்போது, தங்கை எழுதவே இல்லையே என்று நினைத்தபடி ஒரே பாத்திரத்தை இரண்டு தடவை தேய்ப்பாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

இதோ எழுதியிருக்கிறாள். ஞாயிறு காலை பத்து மணி நாலு நிமிஷத்துக்கு வந்து, இடமில்லை என்று கேட்டு, போய், திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. இன்று காலை ஏழேகாலுக்கு அதே முகவரியிலிருந்து புதிதாக இன்னொன்று. இரண்டும் சேர்ந்து கடைசியாகத் தட்டியது எட்டு நாற்பத்து மூன்றுக்கு. ஏறக்குறைய அறுபத்தேழு நிமிஷத்துக்கு ஒரு தடவை வருகிறது. அடுத்தது ஒன்பது ஐம்பதுக்கு வரும். எழுந்து ஏசியைக் கொஞ்சம் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

சும்மா காத்திருந்திருக்கலாம். ஆனால் கை சும்மா இருக்குமா? அந்த முகவரியைப் பழைய லாக்குகளிலும் தேடினாள். லாக் ஐந்து வாரத்துக்குத்தான் இருக்கும், அதற்கு மேல் தானாக அழியும்படி வைத்ததும் அவளேதான். ஐந்து வாரத்தில் ஐந்து வரிகள் கிடைத்தன. ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து மணியை ஒட்டி ஒன்று. ஐந்துக்கும் பக்கத்தில் ஒரே முடிவு: மறுக்கப்பட்டது. 'பிறகு வா' இல்லை. ஒரேயடியாக 'போ'.

மறுத்த காரணமும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. உங்களிடமிருந்து வரும் எதுவும் எனக்கு வேண்டாம், இனிமேல் அனுப்பாதீர்கள்.

அந்த வாசகம் அவளுடையதேதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பரிசு விழுந்திருக்கிறது என்று பொய் மெயில்கள் நாளுக்கு நாலாயிரம் வந்து குவிந்தன. எல்லாம் ஒரே வாடகை சர்வர் கம்பெனியிலிருந்து. ஒரு வீட்டில் திருடன் இருக்கிறான் என்று தெருவையே அடைக்கிற கதையாக, அந்தக் கம்பெனியின் சர்வர்கள் அத்தனையையும் ஒரே வரியில் தடுத்துவிட்டு, எரிச்சலில் கூடவே அந்த வாசகத்தையும் தட்டி வைத்தாள். படிக்கப்போவது எவனோ ஒரு மோசடிக்காரன்தானே என்று. அந்த மண் பரிசோதனைக் கூடமும் அதே தெருவில் வாடகைக்கு இருந்திருக்கிறது. தங்கை எழுதிய ஒவ்வொரு மெயிலும் ஒரு நிமிஷத்தில் அந்த வாசகத்தோடு அவளிடமே திரும்பிப் போயிருக்கிறது.

அப்படியும் அடுத்த ஞாயிறு எழுதியிருக்கிறாளே பாவி. அட்மின் மேடத்துக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு திரை மங்கியது. நேற்று மட்டும் டிஸ்க் நிரம்பிக் கிடந்ததால், சர்வர் அந்தத் தடுப்பு வரிவரைக்கும் போகாமல் வாசலிலேயே 'இடமில்லை, பிறகு வா' என்று சொல்லியிருக்கிறது. அவள் செய்த மடத்தனம்தான் அந்த மெயிலைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. இப்போது அவளே டிஸ்க்கைச் சரிசெய்துவிட்டாள். ஒன்பது ஐம்பதுக்கு அது மறுபடி வந்து தட்டும்போது, தடுப்பு வரி முழித்துக்கொண்டு நிற்கும்.

மணி ஒன்பது முப்பத்தாறு. தடுப்புப் பட்டியலைத் திறந்து அந்த வரியைத் தேடி நீக்கினாள். குப்பை வந்தால் வரட்டும், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சேமித்து முடிக்கவும் மேனேஜர் கதவைத் தட்டினார்.

"மேடம், ஒரே நிமிஷம். கவுன்டர் பிரின்டர்ல ஒண்ணும் வர மாட்டேங்குது."

"சார், பத்து நிமிஷம் கழிச்சு வரட்டுமா?"

"ஒரு பாட்டி கண்ணுல மருந்து ஊத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க. சீட்டு வந்தாதான் உள்ள அனுப்ப முடியும்."

மருந்து ஊற்றிய கண்ணோடு உட்கார்ந்திருப்பவரைக் காக்க வைக்க அவளால் முடியவில்லை. போனாள். பிரின்டரில் ஒன்றுமில்லை, பேப்பர் மடங்கியிருந்தது. இழுத்து எடுத்தாள். சீட்டு வந்தது. அந்த அம்மாள் கலங்கிய கண்ணை இடுக்கிக்கொண்டு, "யாரும்மா அது, மூஞ்சியே தெரியல, நல்லாயிரு" என்றார். சிரித்துக்கொண்டே திரும்பியவள் நடுக் கூடத்தில் நின்றுவிட்டாள்.

பட்டியலில் வரியை நீக்கினால் மட்டும் போதாது. சர்வர் படிப்பது அந்தப் பட்டியலை அல்ல, அதிலிருந்து கட்டி வைத்த இன்னொரு ஃபைலை. அதை மறுபடி கட்டச் சொல்லும் கமாண்டை அவள் அடிக்கவில்லை. பழைய தடுப்பு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

கூடத்துக் கடிகாரம் ஒன்பது நாற்பத்தெட்டு காட்டியது. அந்த மருத்துவமனையில் அட்மின் மேடம் ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை. ஒரு செருப்பு கவுன்டர் பக்கமே நின்றுவிட்டது. அறைக்குள் போய் நின்றபடியே கமாண்டை அடித்தாள். முதல் தடவை எழுத்து தப்பியது. இரண்டாவது தடவை சரியாக விழுந்தது. பிறகு லாக்கை ஓடவிட்டு, வரி வரியாக மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். லென்ஸ் கம்பெனி வந்தது. இன்ஷூரன்ஸ் வந்தது. ஒன்பது ஐம்பது ஆனது. ஐம்பத்தொன்று ஆனது.

சுண்டு. ஏற்றுக்கொள்ளப்பட்டது. அடுத்த வரியிலும் சுண்டு. ஏற்றுக்கொள்ளப்பட்டது.

நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை மெயில் நீளமாக இருந்தது, அதைத் திறக்கத் தைரியம் வரவில்லை. இன்று காலை வந்ததைத் திறந்தாள். நாலே வரி.

"அக்கா, எப்பவும் அனுப்பின ஒரு நிமிஷத்துல வேண்டாம்னு திரும்பி வந்துடும். ரெண்டு வருஷமா அதைப் பாத்துதான் நீ இருக்கேன்னு தெரிஞ்சுப்பேன். நேத்து அது வரவே இல்ல. ராத்திரியெல்லாம் தூங்கல. உனக்கு ஒண்ணும் இல்லல்ல?"

அவள் அதை எத்தனை தடவை படித்தாளோ. பதில் எழுத ஆரம்பித்து, தடுப்பு வரி, வாடகை சர்வர், டிஸ்க், லாக் என்று ஒரு பக்கத்துக்கு விளக்கினாள். படித்துப் பார்த்தால் மேனேஜருக்கு எழுதும் ரிப்போர்ட்டே தோற்றுவிடும் போலிருந்தது. எல்லாவற்றையும் அழித்தாள். பிறகு எழுதினாள்.

"சுண்டு, எனக்கு ஒண்ணும் இல்ல. வேண்டாம்னு வந்தது உனக்கு எழுதினது இல்ல, என் முட்டாள்தனம், நேர்ல சொல்றேன். அன்னிக்கு போனை உள்ள போட்டு வெச்சதும் என் தப்புதான். அதை அன்னிக்கே சொல்லியிருக்கணும்." கீழே புது போன் நம்பரைப் போட்டாள். ஒரு இலக்கம் தப்பிவிடப்போகிறது என்று நாலு தடவை சரிபார்த்து அனுப்பினாள்.

லாக்கில் அவள் மெயில் கிளம்பிப் போவது தெரிந்தது. மண் பரிசோதனைக் கூடத்தின் வாசலைத் தொட்டது. பதில் உடனே வந்தது: உங்களை இதற்கு முன் பார்த்ததில்லை, ஐந்து நிமிஷம் கழித்து வாருங்கள். முதன்முதலாக வருகிறவர்களைக் கொஞ்ச நேரம் வெளியே நிற்க வைத்து, மறுபடி வருகிறார்களா என்று பார்க்கிற ஏற்பாடு. மோசடிக்காரர்கள் திரும்பி வர மாட்டார்கள், வேண்டியவர்கள் வருவார்கள். அவளும் அதைத் தன் சர்வரில் வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிற்க வைக்கட்டும், நன்றாக நிற்க வைக்கட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் மேனேஜர், "யாரோட செருப்புங்க இது, ஒத்தையா கெடக்குது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் போய் எடுக்கவில்லை. ஒரு கால் ஜில்லென்ற தரையில் இருக்க, கையை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வரிசையில் ஒரே ஒரு மெயில் இருந்தது. அடுத்த முறை தட்ட இன்னும் நாலு நிமிஷம்.