பால் காய்ச்ச ஒரு மூலை

“அடுப்பில்லாத வூட்ல நான் எங்க போயி பால் காய்ச்சுவேன்? அது வூடா, மாட்டுக் கொட்டாயா—”

“எங்க வூட்டு அடுப்பு இல்லியா அத்தை? நான் காய்ச்சி எடுத்துக்கினு வந்து—”

“எங்க வூடா? இன்னும் எனக்கு அஸ்திவாரமே தோண்டல. அதுக்குள்ள இந்த வூடு உங்க வூடாயிடுச்சா?”

நிர்மலா நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாமியார் நாகம்மாவோடு காலையிலிருந்து இதே வழக்குதான். வீட்டுக்குப் பின்னால், மாமரத்தைத் தாண்டி, நாகம்மாவுக்கென்று ஒரு சின்ன வீடு எழுப்பப் போகிறார்கள். ஓர் அறை, பிடித்துக்கொண்டு எழக் கம்பி வைத்த கழிவறை, முட்டிவலிக்காரி ஏறிப்போகப் படிக்குப் பதிலாக ஒரு சரிவு. மேஸ்திரி முனிராஜ் தரையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார். சமையலறைக்கு மட்டும் கோடு இல்லை. விடிந்ததும் நாகம்மா கோலமாவை எடுத்து வந்து அக்கினி மூலையில் தானே ஒரு கட்டம் போட்டுவிட்டாள். தண்ணீர் பிடிக்கப் போன நிர்மலா அதைக் காலால் கலைத்தாள். நாகம்மா மறுபடி போட்டாள், இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் பெரிதாக.

“அடுப்பு மேடைக்கு பர்கூர்ல கல்லு சொல்லிட்டேன் முனிராஜு. கறுப்புக் கல்லு,” என்றாள் நாகம்மா, மறுபடி வந்து நின்ற மேஸ்திரியிடம்.

“கல்லு இருக்கட்டும்மா. மொதல்ல மாமியாரும் மருமகளும் ஒரு கோட்டுக்கு வாங்க. நாளைக்கு ஜேசிபி வருது. அது யாரு போட்ட கோடுன்னு பாக்காது, மொத்தமா நோண்டிட்டுப் போயிடும்.”

நிர்மலாவின் கணவன் மணிவேல் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

“தனி வூடுன்னா வசதிக்குக் கட்டுனோம்னு சொல்லிக்கலாம். தனி அடுப்பு மூட்டுனா குடும்பம் ரெண்டாச்சுன்னுதான் பேசுவாங்க. வேலைக்குப் போற திமிருல மாமியாரத் தொரத்திட்டான்னு என் தலையிலதான் வந்து விடியும்.”

“பேசட்டுமே. நீ என்னிக்கு ஊருக்குப் பயந்தவ? நைட் ஷிப்டுக்குக் கெளம்புனப்ப பேசாத பேச்சா?” என்றாள் நாகம்மா.

ஊர்ப்பேச்சு என்பது வெறும் சாக்கு என்று நிர்மலாவுக்குத்தான் தெரியும்.

போன மாதம், ராத்திரி ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தவளை நாற்றம்தான் எழுப்பியது. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து கிடந்தது. கேஸ் மட்டும் சீறிக்கொண்டிருந்தது. நாகம்மா வாசலில் உட்கார்ந்து நிதானமாக அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். நிர்மலா ரெகுலேட்டரை மூடினாள், ஜன்னல்களைத் திறந்தாள், அடுப்பைத் துடைத்தாள், சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்தாள். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் என்பது பேருக்குத்தான். கண்ணை மூடினால் மூக்கு விழித்துக்கொள்கிறது.

மணிவேலிடம் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், உங்கம்மாவுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். அதைச் சொன்னது மருமகள் வாய் என்பது காலத்துக்கும் நிற்கும். அதனால்தான் அவளாகவே இந்தப் பின்வீட்டுப் பேச்சை எடுத்தாள். அங்கே அடுப்பு இருக்காது. தூங்கும்போது இங்கே சமையலறையைப் பூட்டிக்கொள்ளலாம்.

“இதுக்கு ஏன் மல்லுக்கட்டிக்கினு இருக்கீங்க?” என்றான் மணிவேல். “ஒரு கரண்ட் அடுப்பு வாங்கி வெச்சிடலாம். அம்மாவும் பால் காய்ச்சிக்கும், ஊரும் அத ஒரு அடுப்புன்னு சொல்லாது.”

“அது சரி,” என்றாள் நிர்மலா அவசரமாக. “அதுதான் நல்லது. மறந்துட்டா கூட தானா நின்னுடும்.”

சொன்ன பிறகுதான் ‘மறந்துட்டா’ என்ற அந்தச் சொல் அவள் காதிலேயே விழுந்தது.

மணிவேலுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. “பாத்தியாம்மா, முடிஞ்சுது வழக்கு,” என்று முனிராஜைக் கூட்டிக்கொண்டு, மீட்டரிலிருந்து இங்கே எவ்வளவு வயர் இழுக்கவேண்டும் என்று பார்க்க முன்பக்கம் போனான்.

நாகம்மா கோலமாவு டப்பாவை மூடினாள். கட்டத்துக்குள் நின்றிருந்தவள் மெல்ல வெளியே வந்து, அதன் ஒரு கோட்டைத் தன் காலாலேயே தேய்த்தாள்.

“அன்னிக்குப் பால் சட்டி கழுவிக் கவுத்து இருந்துச்சு. நான் கழுவல. நீயே காய்ச்சிக் குடிச்சிட்டுப் படுத்திருப்பேன்னு நெனச்சுக்கினேன்.”

“அத்தை, அது வந்து—”

“இரு. ஜன்னலெல்லாம் ஏன் தெறந்து கெடக்குதுன்னும் நெனச்சேன். அப்பறம் அதையும் உட்டுட்டேன்.” குரல் தணிந்துபோயிருந்தது; காலையிலிருந்து சண்டை போட்ட குரலே இல்லை அது. “மணிகிட்ட நீ சொல்லல. சொல்லியிருந்தா அவன் மூஞ்சி இப்பிடியா இருக்கும்?”

முன்பக்கத்தில் முனிராஜ், வயர் எட்டாது, கம்பம் ஒன்று நட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மணிவேல் எதற்கோ சிரித்தான். நாகம்மா அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, மருமகளின் கையைப் பிடித்தாள். விரலெல்லாம் மாவு.

“அடுப்பு வேணாம், உடு. நெசத்தச் சொல்லு நிர்மலா. நான் வேற என்னெல்லாம் மறந்திருக்கேன்?”